வண்டியைத் தாங்குவது காற்றே

மோட்டார் கார் வைத்திருக்கும் ஒருவரைப் பார்த்து, “உங்கள் வண்டியின் பாரத்தை எது தாங்குகிறது?” என்று கேட்டால் பெரும்பாலோர் “சக்கரம்” என்பர், சிலர் “டயர்” என்பர். இரண்டு விடையும் முழு உண்மை ஆகா. காற்று இறங்கிப்போன டயர் தரையோடு துவண்டு படிந்து கிடப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அங்கே இரும்புச் சக்கரம் இருக்கிறது. ரப்பர் டயரும் இருக்கிறது. ஆயினும் வண்டி நிமிர்ந்து நிற்கவில்லை. இல்லாமற் போனது காற்று ஒன்றே. ஆகவே வண்டியைத் தாங்குவது டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான். டயர் என்பது அந்தக் காற்றைக் காக்கும் உறுதியான பை.

இந்த எளிய உண்மையை அறிந்தவர்கள்கூட அதற்கேற்ப நடப்பதில்லை. பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும் என்பதால் பெட்ரோலைப் பார்க்கிறோம். எந்திரம் கெடும் என்பதால் எண்ணெயையும் தண்ணீரையும் பார்க்கிறோம். காற்றை மட்டும் கண்ணால் பார்த்து, காலால் ஓர் உதை கொடுத்து, “சரியாகத்தான் இருக்கிறது” என்று புறப்பட்டு விடுகிறோம். பல்லாண்டுகள் நானும் அப்படியே செய்தவன். அதனால் நேர்ந்ததைப் பின்னர்க் கூறுகிறேன். முதலில் டயரையும் காற்றையும் பற்றி அறிந்துகொள்வோம்.

கையகல இடம்

ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு சிறு காரை எடுத்துக்கொள்வோம். சக்கரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 250 கிலோ பாரம் விழும். இது 2,450 நியூட்டன் விசைக்குச் சமம். டயருக்குள் காற்றழுத்தம் 220 கிலோபாஸ்கல் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பையும் அந்தக் காற்று 22 நியூட்டன் விசையோடு தள்ளுகிறது என்று பொருள். 2,450ஐ 22ஆல் வகுத்தால் 111 வரும். அதாவது, அந்தச் சக்கரம் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் ஏறத்தாழ 111 சதுர சென்டிமீட்டர். ஒரு மனிதனின் கையகலம். நான்கு சக்கரங்களையும் சேர்த்தாலும் ஓர் ‘ஏ4’ தாளுக்குள் அடங்கிவிடும். டயரின் பக்கச் சுவரும் சிறிதளவு தாங்குவதால் இக்கணக்கு மிகத் துல்லியமானது அன்று. எனினும் உண்மை நிலையை விளக்க இது போதும்.

வண்டி ஓடுவதும், வளைவில் திரும்புவதும், பிரேக் பிடித்ததும் நிற்பதும் இந்த நான்கு கையகல இடங்களை நம்பியே நடைபெறுகின்றன. அந்த இடத்தின் அளவையும் வடிவையும் நிர்ணயிப்பது காற்றின் அழுத்தம். அழுத்தம் குறைந்தால் அந்த இடம் அகன்று டயர் நசுங்குகிறது. மிகுந்தால் அந்த இடம் சுருங்கி, டயரின் நடுப்பகுதி மட்டுமே சாலையைத் தொடுகிறது. இரண்டும் தீங்கே.

காற்று டயர் வந்த கதை

ஆதியில் வண்டிச் சக்கரங்கள் மரத்தாலும் இரும்புப் பட்டையாலும் ஆனவை. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1845ஆம் ஆண்டிலேயே காற்று அடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் மோட்டார் வண்டி இல்லை, அவர் டயரை விரும்பி வாங்குவாரும் இல்லை, அது மறக்கப்பட்டது. பின்னர் 1888ஆம் ஆண்டில், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி கல்பாவிய தெருவில் குலுங்காமல் ஓட வேண்டும் என்று எண்ணி, ரப்பர்க் குழாயில் காற்று நிரப்பிச் சக்கரத்தில் கட்டினார். அன்று தொடங்கிய காற்று டயர் முதலில் சைக்கிளையும், பின்னர் மோட்டார் வண்டியையும் ஆட்கொண்டது.

டயர் பெருகவே ரப்பர் தேவை பெருகியது. பிரேசிலிலிருந்து 1876இல் ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877இல் அங்கிருந்து சிங்கப்பூருக்கு நாற்றுகள் வந்தன. மரத்துக்குக் கேடின்றிப் பால் வெட்டும் முறையை ரிட்லி என்னும் தாவரவியல் அறிஞர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ஆராய்ந்து பரப்பினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சிலாங்கூர் முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. நம் ஜெராம், காப்பார், கோலசிலாங்கூர் வட்டாரமும் அவற்றுள் அடங்கும். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து, வெட்டுக்கத்தியும் பால்வாளியுமாக நிரைக்குச் சென்றது உலகத்து மோட்டார் வண்டிகளின் டயருக்காகவே.

இன்று நம் வட்டாரத்தில் ரப்பரைக் காண்பது அரிது. எங்கு நோக்கினும் செம்பனை. அச்செம்பனை முதன்முதலில் இந்நாட்டில் வாணிகப் பயிராக நடப்பட்டதும் நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான். இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் 1917இல் அது நடைபெற்றது. ஆனால் டயருக்கு இயற்கை ரப்பர் தேவை இன்றும் நீங்கவில்லை. மடங்கி நிமிரும்போது குறைவாகச் சூடேறும் குணம் இயற்கை ரப்பருக்கு உண்டு. அதனால் லாரி டயரிலும் விமான டயரிலும் அது மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. ‘குறைவாகச் சூடேறும்’ என்ற இச்சொற்களை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். டயரின் ஆயுளும் அழிவும் வெப்பத்தைப் பொறுத்தவை.

காற்றுக் குறைந்தால்

சக்கரம் ஒருமுறை சுழலும்போது டயரின் பக்கச் சுவரில் உள்ள ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை தரைப் பக்கம் வந்து மடங்கி, மேலே சென்றதும் நிமிர்கிறது. சிறு கார் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.8 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 900 தடவைக்கு மேல் சுழல்கிறது. ஒரு நொடியில் பதினைந்து தடவை. ஒரு கம்பியை எடுத்து இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். வளைந்த இடம் சுடும். டயரும் அவ்வாறே. காற்று அளவாக இருந்தால் மடிப்புச் சிறிது. பிறக்கும் வெப்பமும் சிறிது. அது ஓடும்போதே ஆறிவிடும். காற்றுக் குறைந்தால் மடிப்புப் பெரிது. ஆறுவதற்கு முன்னே மேலும் வெப்பம் பிறக்கிறது. டயருக்குள் ரப்பரோடு ஒட்டப்பட்டிருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைகள் பிரியத் தொடங்குகின்றன. முடிவில் மேல்தோல் உரிந்துபோகிறது, அல்லது பக்கச் சுவர் கிழிகிறது. மக்கள் இதனை ‘டயர் வெடித்தது’ என்கின்றனர். ஒரு நொடியில் நிகழ்ந்ததுபோல் தோன்றினாலும், அது பல வாரங்களாக உள்ளே நடந்துவந்த அழிவின் கடைசி நொடியே ஆகும்.

உலகம் இப்பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1990ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு எக்ஸ்புளோரர் என்னும் உயரமான வண்டியில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பொருத்தப்பட்டன. அவற்றுக்கு ஃபோர்டு நிறுவனம் குறித்த அழுத்தம் 26 பி.எஸ்.ஐ.; ஏறக்குறைய 180 கிலோபாஸ்கல். டயர் நிறுவனமோ பின்னர் 30 பி.எஸ்.ஐ. வேண்டும் என்றது. வெப்பம் மிகுந்த இடங்களில், வேகமாக ஓடிய வண்டிகளில், டயரின் மேல்தோல் உரிந்து வண்டிகள் குடைசாய்ந்தன. முதலில் 1999இல் சவூதி அரேபியாவிலும், 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாய்லாந்திலும் நம் மலேசியாவிலும் ஃபோர்டு அந்த டயர்களை மாற்றிக் கொடுத்தது. அதன் பிறகே, அவ்வாண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், அமெரிக்காவில் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. அமெரிக்காவில் மட்டும் 271 பேர் இறந்ததாக அந்நாட்டு அரசின் கணக்கு கூறுகிறது.

குற்றம் டயரின் அமைப்பிலா, அழுத்தத்திலா, வண்டியின் உயரத்திலா என்று நிறுவனங்கள் நெடுங்காலம் வாதாடின. டயரின் அமைப்பில் குறை உண்டு என்று அரசின் ஆய்வு கண்டது. குறையுள்ள டயரைக் குறைந்த காற்றும், வெயிலும், வேகமும், பாரமும் சேர்ந்தே கொன்றன என்பது நமக்குரிய பாடம். நம் நாடு ஆண்டு முழுவதும் வெயில் நாடு என்பதை நாம் மறத்தல் ஆகாது.

மிகுந்தாலும் தீங்கு, மழையிலும் தீங்கு

“குறைந்தால் தீங்கு என்றால் கூடுதலாக அடைத்துவிடலாமே” என்று சிலர் எண்ணக்கூடும். அதுவும் தவறு. காற்று மிகுந்த டயர் பந்துபோல் விறைத்து நிற்கும். சாலையைத் தொடும் இடம் சுருங்குவதால் பிரேக் பிடிக்கும்போது பற்றுக் குறையும். நடுப்பகுதி மட்டும் விரைவில் தேயும். பள்ளத்தில் விழுந்தால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளாமல் உள்நூல்கள் அறுபடும். செம்பனை லாரிகள் ஓடி ஓடிக் குழிவிழுந்த சாலைகள் நமக்குப் புதியன அல்ல.

மழைக்காலத்தில் வேறோர் ஆபத்து உண்டு. சாலையில் நீர் தேங்கியிருக்கும்போது வேகமாகச் சென்றால் டயர் நீரை விலக்க இயலாமல் அதன்மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது, பிரேக்கும் பயன்படாது. அமெரிக்காவின் நாசா நிறுவனத்தைச் சேர்ந்த லாங்லி ஆய்வுக்கூடத்தினர் விமான டயர்களைக் கொண்டு சோதித்து, 1963இல் இதற்கொரு கணக்கை வெளியிட்டனர். கிலோபாஸ்கலில் உள்ள அழுத்தத்தின் வர்க்கமூலத்தை எடுத்து 6.34ஆல் பெருக்கினால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். 220 கிலோபாஸ்கலுக்கு அது ஏறக்குறைய 94. 160 கிலோபாஸ்கலுக்கு 80. டயரின் பள்ளக்கோடுகளுக்கும் நீரின் ஆழத்துக்கும் ஏற்ப இது மாறும். எனினும் காற்றுக் குறையக் குறைய, மெதுவாகச் செல்லும்போதே மிதக்கும் ஆபத்து நெருங்குகிறது என்பது தெளிவு.

சூடான டயரும் என் தவறும்

இனி, முன்னே குறிப்பிட்ட என் அனுபவத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பகலில் கோலாலம்பூரிலிருந்து திரும்பும் வழியில், ஏதோ நினைத்துக்கொண்டு ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி டயர் காற்றை அளந்தேன். என் வண்டிக்குக் குறிக்கப்பட்ட அளவு 220. கருவி 250 என்று காட்டியது. “அடடா, எவ்வளவு மிகுதி!” என்று நான்கு டயர்களிலும் காற்றை இறக்கி 220 ஆக்கிவிட்டு, கடமையை முடித்த நிறைவோடு வீடு திரும்பினேன். பிறகு மூன்று மாதங்கள் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

மாணவர் மூவரையும் உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு பேச்சுப் போட்டிக்காகக் கிள்ளான் சென்ற நாளில், காப்பாரைத் தாண்டியதும் இடது பின் டயர் கிழிந்தது. வண்டி ஆடி, சாலையோரப் புல்மேட்டில் ஏறி நின்றது. பின்னால் வந்த லாரி சற்று விலகிச் சென்றதால் பிழைத்தோம். பிள்ளைகளுக்குக் கீறலும் இல்லை. ஆனால் அவர்களுடைய தாய்மார் என்னை நம்பி அனுப்பிய பிள்ளைகள் அவர்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

டயர் கடைச் சீனப் பெரியவர் டயரைக் கழற்றி, உள்ளே கைவிட்டு ஒரு பிடி கருந்தூளை அள்ளிக் காட்டினார். ரப்பர் மடிந்து மடிந்து அரைபட்ட தூள் அது. “சேகு, நீண்ட நாளாகக் காற்றில்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள்” என்று மலாயில் சொன்னார். “நான் அளந்து வைத்தேனே” என்றேன். “எப்போது? சூட்டிலா, குளிர்ச்சியிலா?” என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்த நான் அந்தக் கேள்விக்கு வெட்கினேன். ஏனெனில் விடை பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

அடைபட்ட காற்றைச் சூடாக்கினால் அதன் அழுத்தம் ஏறும். கணக்கிடும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கருவி காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே மிகுதியாக உள்ள அழுத்தம் மட்டுமே. முழு அழுத்தத்துக்கு 101 கூட்ட வேண்டும். இரண்டாவது, வெப்பநிலையோடு 273 கூட்ட வேண்டும். காலையில் 27 பாகையில் கருவி 220 காட்டினால் முழு அழுத்தம் 321, வெப்பநிலை 300. வண்டி ஓடி, டயருக்குள் காற்று 57 பாகை சூடானதாகக் கொள்வோம். அது 330 ஆகும். 300க்கு 330 பத்து விழுக்காடு மிகுதி. ஆகவே 321உம் பத்து விழுக்காடு ஏறி 353 ஆகும். 101ஐக் கழித்தால் கருவி 252 காட்டும். காற்று மிகவில்லை, சூடு மிகுந்தது, அவ்வளவே. டயர் செய்தவர்கள் இந்த ஏற்றத்தை எதிர்பார்த்தே குளிர்ந்த நிலைக்குரிய அளவைக் குறித்திருக்கிறார்கள்.

நான் செய்தது என்ன? சூடான டயரில் 220 வைத்தேன். மறுநாள் காலையில் அது ஆறியதும் கணக்குப்படி 191 ஆகியிருக்கும். நல்ல டயரிலிருந்தும் மாதந்தோறும் ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல் அளவுக்குக் காற்று ரப்பரின் ஊடே கசியும். மூன்று மாதத்தில் 21 போக, மீந்தது 170. அதன்மேல் ஐந்து பேரின் பாரம். மயிலிறகே ஆனாலும் அளவு கடந்தால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தார். அச்சுக்குச் சொன்னது டயருக்கும் பொருந்தும்.

அளக்கும் முறை

இனிச் செய்ய வேண்டியதைக் காண்போம். முதலில் உங்கள் வண்டிக்குரிய அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் இருக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும், இருவர் செல்லும்போதும் முழுப் பாரம் ஏற்றும்போதும் எவ்வளவு என்று அதில் குறித்திருப்பார்கள். நண்பரின் வண்டிக்குச் சொன்ன அளவு நம் வண்டிக்குப் பொருந்தாது. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவேயன்றி, நாம் வைக்க வேண்டிய அளவு அன்று. இதில் பலர் ஏமாறுகின்றனர்.

அளக்க ஏற்ற வேளை விடியற்காலை. வண்டி குறைந்தது மூன்று மணி நேரமாவது ஓடாமல் நிழலில் நின்றிருக்க வேண்டும். ஓடியிருந்தாலும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். வால்வு மூடியைக் கழற்றி, கருவியை நேராக வைத்து உறுதியாக அழுத்துங்கள். ‘உஸ்’ என்ற ஓசை நின்ற பிறகு தெரியும் அளவே சரியான அளவு. முடிந்ததும் மூடியை மறவாமல் போடுங்கள். அது தூசியையும் நீரையும் தடுக்கும்.

இப்போது பெட்ரோல் நிலையங்களில் உள்ள எந்திரத்தில் வேண்டிய எண்ணைக் கூட்டல், கழித்தல் பொத்தான்களால் வைத்துவிட்டுக் குழாயை வால்வில் பொருத்தினால், அது தானே காற்றை ஏற்றியோ இறக்கியோ ஓசை எழுப்பும். எண் கிலோபாஸ்கலிலா, பி.எஸ்.ஐ.யிலா, பாரிலா என்று முதலில் பாருங்கள். 220 கிலோபாஸ்கலும், 2.2 பாரும், 32 பி.எஸ்.ஐ.யும் ஏறக்குறைய ஒன்றே.

தோட்டத்தில் இருப்போர்க்குப் பெட்ரோல் நிலையம் தொலைவு. அங்கே போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடும். இதற்கும் வழி உண்டு. ஒரு சிறு அழுத்தமானியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் விலை மிகுதி அன்று. காலையில் வீட்டிலேயே அளந்து, ஒவ்வொரு டயரிலும் எவ்வளவு குறைகிறது என்று தாளில் குறியுங்கள். ஒரு டயரில் 220க்குப் பதில் 190 இருந்தால் குறை 30. நிலையத்தில் அதே டயர் சூட்டினால் 205 காட்டக்கூடும். அதனோடு 30 கூட்டி 235 வையுங்கள். ஆறியபின் அது 220ஐ ஒட்டி வந்து நிற்கும். மறுநாள் காலையில் அளந்து பார்த்து நிறைவு கொள்ளலாம். சூடான டயரிலிருந்து காற்றை இறக்குவது மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

மாதம் இருமுறை இவ்வாறு அளப்பது நல்லது. நெடும்பயணத்துக்கு முன்பு கட்டாயம் அளக்க வேண்டும். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கும், தீபாவளிக்குச் சொந்த ஊருக்கும், குடும்பம் முழுவதையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு செல்கிறோம். முழுப் பாரத்துக்குரிய அளவு அப்போதுதான் தேவை. கூடுதல் டயரையும் மறக்கலாகாது. பல புதிய வண்டிகளில் உள்ள மெல்லிய மாற்று டயருக்கு 420 கிலோபாஸ்கல் வரை வேண்டியிருக்கும், அதன்மேலேயே எழுதியிருப்பார்கள். ஒரு டயர் மட்டும் மற்றவற்றைவிட விரைவாக இறங்கினால் ஆணியோ வால்வுக் கசிவோ இருக்கும். சவர்க்கார நீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

சில ஐயங்கள்

“கண்ணால் பார்த்தால் தெரியாதா?” தெரியாது. இன்றைய டயர்கள் ‘ரேடியல்’ வகையைச் சேர்ந்தவை. பிரான்சின் மிஷலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. அவற்றின் பக்கச் சுவர் இயல்பாகவே சற்றுப் புடைத்திருக்கும். காற்றில் கால்பங்கு குறைந்தாலும் பார்வைக்குப் பெரிய வேறுபாடு தெரிவதில்லை.

“புதிய வண்டியில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே?” நல்லதுதான். முன்னே கூறிய துயரத்துக்குப் பிறகு அமெரிக்கா 2000இல் சட்டம் இயற்றி, 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. ஆனால் அச்சட்டப்படி, காற்றில் கால்பங்கு குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். 220க்குக் கால்பங்கு குறைந்தால் 165. என் டயரில் இருந்ததோ 170. அத்தகைய விளக்கு அன்று என் வண்டியில் இருந்திருந்தாலும் எரிந்திராது. விளக்கு கடைசி எச்சரிக்கையே அன்றி, நம் கடமைக்கு மாற்று ஆகாது.

“நைட்ரஜன் அடைத்தால் அளக்க வேண்டியதில்லையாமே?” சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். தூய நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியலாம். ஆனால் வெப்பத்தில் அதன் அழுத்தமும் ஏறும். நாளடைவில் அதுவும் இறங்கும். கட்டணம் கொடுத்து அடைத்தவரும் அளக்கவே வேண்டும்.

“காற்றுச் சரியாக இருந்தால் போதுமா?” போதாது. டயரின் பள்ளக்கோடுகளுக்கு இடையே 1.6 மில்லிமீட்டர் உயரச் சிறு மேடுகள் உண்டு. டயர் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும். பக்கச் சுவரில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் செய்யப்பட்ட டயர். பழைய டயரைப் புதிதுபோல் விற்பாரிடமிருந்து இவ்வெண் நம்மைக் காக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஓடும்போது டயர் கிழிந்துவிட்டால், ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் இறுகப் பிடித்து நேரே செலுத்துங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள்; எண்ணெய் மிதியிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள். வேகம் தணிந்தபின் ஓரமாக ஒதுங்குங்கள்.

விதியா, கவனக்குறைவா?

மலேசியச் சாலைகளில் 2023இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். எல்லாம் டயரால் நிகழ்ந்தவை அல்ல. ஆனால் ஒரு விபத்தில் டயர் வெடித்தது என்று கேட்டால், “அது விதி, யார் என்ன செய்ய முடியும்?” என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

இந்தியாவில் இக்கேள்வி நீதிமன்றத்துக்கே சென்றது. 2010இல் பின் டயர் வெடித்துக் கார் பள்ளத்தில் விழ, அதில் சென்றவர் ஒருவர் இறந்தார். இழப்பீடு கேட்ட குடும்பத்துக்கு எதிராக, டயர் வெடிப்பது தெய்வச் செயல்; அதற்கு எவரும் பொறுப்பில்லை என்று காப்புறுதி நிறுவனம் வாதிட்டது. மும்பை உயர் நீதிமன்றம் 2023இல் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. மிகுந்த வேகம், குறைந்த காற்று, மிகுந்த காற்று, பழைய டயர், வெப்பம் ஆகியவை டயர் வெடிப்பதற்குக் காரணங்கள். பயணத்துக்கு முன் டயரின் நிலையைப் பார்ப்பது ஓட்டுநர் அல்லது உரிமையாளரின் கடமை. ஆகவே அது மனிதரின் கவனக்குறைவே என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அத்தீர்ப்பைப் படித்தபோது காப்பார்ச் சாலையின் புல்மேடும், அதில் என் கையைப் பற்றிக்கொண்டு நின்ற மூன்று பிள்ளைகளும் என் நினைவுக்கு வந்தனர். அன்று ஏதேனும் நேர்ந்திருந்தால் ஊரார் “விதி” என்றே சொல்லி எனக்கு ஆறுதல் கூறியிருப்பர். உண்மையில் அது விதி அன்று. நான் அளக்காமல் விட்ட ஐம்பது கிலோபாஸ்கல் காற்று.

உலகுக்கு டயர் உருள ரப்பர் தந்த மக்களின் வழிவந்தவர்கள் நாம். அந்த டயருக்குள் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பதை அறியாதவர்களாய் இருத்தல் நமக்கு அழகன்று. நாளைக் காலையில் வண்டியை எடுக்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கதவைத் திறந்து சீட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள். நான்கு டயர்களையும் அளந்து பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அருகில் அழைத்து, அவர்கள் கையில் கருவியைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த வண்டியில் ஏறப்போகிறவர்கள் அவர்களும்தாமே!